விழாச் செலவில் பதிவுக்கும் ஒரு பங்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோயில் திருவிழாக்களிலும் கலைவிழாக்களிலும் படம் பிடிக்கும் இளைஞர்களால் பெரும் இடைஞ்சல் என்றும், அவர்களை வீதிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் பாதி உண்மை. சுவாமி வீதிவலம் வரும்போது தலைக்கு மேல் இரைந்துகொண்டு பறக்கும் ட்ரோனை நானும் வெறுக்கிறேன். தீபாராதனை நேரத்தில் மூலஸ்தானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவரை விலகச் சொல்லி நானே சத்தம் போட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகளால் கலைக்கு எந்தப் பயனும் இல்லை என்று அவர் கடிதத்தை முடித்திருந்தாரே, அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் கண்டது வேறாக இருப்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொண்டு பிரசுரிக்க வேண்டும்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்தவன். 1978ஆம் ஆண்டு தொடங்கி 30 ஆண்டுகள் ஒலிபெருக்கிச் சேவை நடத்தினேன். ஓர் அம்பிளிபயர், நான்கு குழாய், இரண்டு ஒலிவாங்கி, ஒரு மின்பிறப்பாக்கி. இவற்றை முதலில் மாட்டுவண்டியிலும் பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலும் ஏற்றிக்கொண்டு தண்ணீரூற்று, குமுழமுனை, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு என்று போகாத ஊரில்லை. வயலுக்கு அப்பால் இருக்கும் ஊருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகப் பாலை மரத்தின் உச்சியில் ஏறிக் குழாய் கட்டுவேன். கூத்து மேடையில் ஒலிவாங்கிகளை மேலேயிருந்து கயிற்றில் தொங்கவிடுவோம். ஆடிக்கொண்டு வருபவர் அதன் கீழே வந்ததும் முகத்தை நிமிர்த்திப் பாடுவார். பாடி முடிந்ததும் ஆட்டம் அடுத்த மூலைக்குப் போகும். எந்த ஆட்டக்காரர் எவ்வளவு உயரம், நடுச்சாமத்துக்குப் பிறகு எவருக்குத் தொண்டை கட்டும், ஆட்டத்தின் வேகத்தில் ஒலிவாங்கியை மறந்து பின்னால் நின்று பாடுபவர் எவர் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். விடியும்வரை மேடைக்கு அருகில் விழித்திருந்து கேட்டவன் என்ற உரிமைதான் எனக்கு இருக்கிறது.

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்கு அருகில், ஒரு தையற்கடையின் மேல்மாடியில் ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகள் ஒரு கலையகம் நடத்துகிறார்கள். பெயரை எழுதவில்லை; விளம்பரம் செய்யும்படி அவர்கள் என்னைக் கேட்கவும் இல்லை. ஒருவர் அறிவியல் நகரில் பொறியியல் படித்தவர். மற்றவர் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக் கை தேறியவர். மூன்றாவது ஒரு பெண்பிள்ளை, சித்திரம் படித்தவர். நோட்டீசுக்கும் பதாகைக்கும் எழுத்துகளை அவரே கையால் வரைகிறார். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் இவற்றில்தான் அவர்களுக்குச் சோறு. அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்துக் கூத்து, பறை, நாதஸ்வரக் கச்சேரி, பள்ளிக்கூட இசைவிழா, கிற்றாரோடு புதுப்பாட்டுக் கட்டும் இளைஞர்களின் நிகழ்ச்சி என்று ஊர் ஊராகப் போய்ப் பதிகிறார்கள். அறையின் சுவர் முழுவதும் பழைய மெத்தையும் சணற் சாக்கும் அடித்திருக்கிறது. அப்படியும் ஏ9 வீதியில் பாரலொறி போனால் பதிவை நிறுத்திவிட்டு அது கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் அந்தப் படிகளில் முதல்முறை ஏறியதற்குக் காரணம் ஒரு கசெற்றுப் பை. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1997ஆம் ஆண்டு, போர்க்காலம், வன்னிக்குள் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம். என் மாமனார் கோவலன் கூத்தில் இளவயதில் ஆடியவர், பின்னாளில் அண்ணாவியாராக இருந்து பலரைப் பழக்கியவர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை நம்பி வாழும் எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து வெறும் பொழுதுபோக்கு அன்று. அது அம்மனின் கதை. முல்லை மோடி என்று தனிப்பெயர் சொல்லும் அளவுக்கு எங்கள் மெட்டுகளுக்கு ஒரு நடை உண்டு. அந்த வருடம் மாமனாருக்கு 72 வயது, மூச்சிழுப்பு வருத்தம் முற்றியிருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கூத்துக் கொப்பி கிடக்கும் மருமகன். மெட்டு என்னோடு போய்விடும்" என்றார்.

நான்கு பின்னேரங்கள் முற்றத்து வேம்பின் கீழ் பாயைப் போட்டு அவரை இருத்திப் பதிந்தேன். புதுக் கசெற் வாங்க வழியில்லை. பழைய சினிமாப் பாட்டுக் கசெற்றுகளை எடுத்து, மேல் விளிம்பில் உடைந்திருந்த இரண்டு துளைகளிலும் கடதாசியை மடித்து அடைத்து, அவற்றின் மேலேயே பதிந்தேன். டைனமோ மின்சாரத்தை நேராக்க நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் போதும். அது என் தொழில். மைத்துனன் பெடலைச் சுற்றினான். அவனுக்குக் கை சோர்ந்தால் என் மனைவி மாறிக்கொள்வாள். அயல்வீட்டுக்காரர் சுருதிக்கு ஹார்மோனியம் பிடித்தார். மாமனார் இரண்டு ஆண்டுகளில் காலமானார்.

2008 மார்கழியில் நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, 43 கசெற்றுகளைப் பொலித்தீனில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்து, குசினிக்குப் பின்னால் முருங்கையடியில் புதைத்தேன். பிறகு நடந்தவற்றை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் திரும்பி வந்து தோண்டினேன். முருங்கை இல்லை; குசினி அத்திவாரத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். பெட்டியின் அடி துருப்பிடித்துக் கழன்றிருந்தது. மேல் அடுக்கில் இருந்தவை கொஞ்சம் தப்பியிருந்தன. கழுவி நிழலில் காயவைத்துப் பையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். போட்டுப் பார்க்கப் பயம். நாடா சிக்கி அறுந்துவிட்டால் அதோடு சரி.

அந்தப் பையைத்தான் 2022இல், மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட அந்தக் காலத்தில், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். பொறியியல் படித்த தம்பி ஒரு கசெற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தது. கூட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி ஒரு சிரட்டையில் போட்டார். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்பதுபோல் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு, பஞ்சால் பூஞ்சணத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் மெத்தென்ற சிறு துண்டு, உளுந்து அளவுதான் இருக்கும், அது கழன்று விழுந்திருந்தது. வேறொரு கசெற்றிலிருந்து அதைப் பெயர்த்து எடுத்து ஒட்டினார். பிறகு இரண்டு சுருளையும் புதுக் கூட்டுக்குள் மாற்றி மூடினார். ஒரு கசெற்றுக்கு முழுப் பின்னேரம் போனது. மின்சாரம் வருமட்டும் மூவரும் நானும் இருட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

மின்சாரம் வந்து போட்டபோது என் மாமனாரின் குரல் வரவில்லை. ஒரு சிறுபிள்ளை ஓடி ஓடிப் பாடுவதுபோல் இருந்தது. நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐயா, இவர் என்ன கட்டையில் பாடுவார்?" என்று சுருதியைக் கேட்டார்.

"நாலரைக் கட்டை" என்றேன். "அந்த ஹார்மோனியத்தில் அவர் வேறு கட்டை பிடிக்கவிட்டதில்லை."

அவருக்கு அது போதுமாக இருந்தது. பதியும்போது பெடல் சுற்றியவரின் கை சோர, ரெக்கோடரின் மோட்டர் வேகம் குறைந்திருக்கிறது. வேகம் குறைந்து பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் மேலே ஏறிவிடும். ஹார்மோனியத்தின் சுருதி மட்டும் இடையறாமல் பின்னால் ஒலித்துக்கொண்டிருந்ததால், அதைப் பிடித்துக்கொண்டு, அது நாலரைக் கட்டைக்கு இறங்கும்வரை கணினியில் வேகத்தைக் குறைத்தார். ஆனால் கை சோர்வது ஒரே அளவில் சோர்வதில்லையே. ஒரு தருவின், அதாவது கூத்துப் பாட்டின், தொடக்கத்தில் ஓர் அளவு, முடிவில் வேறு அளவு. அடி அடியாகத் திருத்தினார். ஒன்பது நாள். மைத்துனன் களைத்த இடம் எது, என் மனைவி கை மாறிய இடம் எது என்று அந்தத் திரையின் கோட்டில் எனக்குத் தெரிந்தது. மைத்துனன் இன்று இல்லை.

கடைசி நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். மாதவி வீட்டிலிருந்து கோவலன் திரும்பும் இடத்துத் தருவைப் பாடிக்கொண்டு வரும்போது மாமனாருக்கு இழுப்பு வந்துவிடுகிறது. இருமி, தண்ணீர் குடித்து, அதே எடுப்பில் திரும்பத் தொடங்குகிறார். அந்த இருமலை எடுத்துவிடலாம், எடுத்த அடையாளமே தெரியாது என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னார். "வேண்டாம் பிள்ளை, விடுங்கள். இது அப்பாவின் இருமல்" என்றாள் மனைவி. அப்படியே விட்டார்கள். பாட்டு முடிந்ததும் பழைய சினிமாப் பாட்டின் கடைசி அடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, அதையும் விட்டார்கள். எங்களிடம் கசெற்றுக் கூடுகளின் விலையை மட்டும் வாங்கினார்கள்.

இது என் வீட்டுக் கதை. அவர்கள் ஊருக்குச் செய்தது இதைவிடப் பெரிது.

ஓர் அம்மன் கோயில் பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை அவர்களுக்கு வந்தது. சபையார் எழுதிக் கொடுத்த தாளில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று பட்டங்களோடு பெயர்கள் நிறைந்திருந்தன. அடியில் ஒற்றை வரியில் 'பறைமேளம், கூத்து' என்று மட்டும் இருந்தது. பறை அடிப்பவர்களின் பெயர் என்ன என்று அந்தப் பெண்பிள்ளை கேட்டார். அவர்களுக்கு எதற்குப் பெயர் என்றார் ஒருவர். பிள்ளை வாதாடவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த வீடுகளுக்கே போய், அடிப்பவர்கள் நால்வரின் பெயரையும் எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டி எழுத்துப்பிழை பார்த்து, விருந்தினர் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் வரைந்து கொண்டுவந்தார். பெயர் நீக்கினால் நோட்டீசை வேறிடத்தில் அடித்துக்கொள்ளுங்கள் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். சபைக்குள் பெரிய கதை நடந்தது என்று கேள்வி. கடைசியில் பெயரோடுதான் அச்சானது. பொங்கலன்று அந்த நால்வரில் மூத்தவர் நோட்டீசை நான்காக மடித்து, வியர்வை படாமல் பொலித்தீன் பையில் போட்டு, சேர்ட்டுப் பையில் வைத்திருந்ததைக் கண்டேன். 50 வருடமாகப் பறை அடிப்பவர். 30 வருடம் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்புச் செய்தவன் நான். விருந்தினர் காரிலிருந்து இறங்குமுன்னே பட்டம் பதவியோடு பெயர் சொன்ன என் வாய், இவருடைய பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. அது என் பிழை. இந்தக் கடிதத்தில் அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

காத்தவராயன் கூத்தைப் பதிந்த இரவையும் சொல்கிறேன். பதிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே என்னிடம் வந்து கேட்டார்கள். சட்டையில் மாட்டும் சின்ன ஒலிவாங்கிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; உடுப்பில் இருக்கும் மணியும் சரிகையும் உரசி, பாட்டுக்கு மேல் சரசரப்பு விழுந்திருக்கிறது, வியர்வை இறங்கி ஒன்று பழுதாகியும் விட்டது. "பழையபடி தொங்கவிடுங்கள் தம்பி" என்றேன். ஆட்டக்காரர்களுக்கும் அதுதான் பழக்கம், கால் தானாக அந்த இடத்துக்கு வரும். உடுக்குக்கு மட்டும் தனி ஒலிவாங்கி, வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு முழம் தள்ளி. இல்லாவிட்டால் அதன் அதிர்வு கூத்தின் நாயகி ஆரியமாலையின் பாட்டையே விழுங்கிவிடும். இரவு ஒன்பதரைக்குக் காப்புப் பாடித் தொடங்கியது. காத்தவராயன் கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. இடையில் ஒரு நிமிடமும் கமராவை நிறுத்தவில்லை. மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் கொட்டிலில் தேநீர் குடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் அடி எடுத்துக்கொடுத்ததையும் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். காத்தானாக ஆடியவர்களில் ஒருவர் மேசன், ஒருவர் மீன் வியாபாரி. ஆரியமாலையாக வந்தவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன் அந்தப் பதிவைத் தொலைபேசியில் போட்டுப் போட்டு உடுக்குப் பழகுகிறான் என்று இப்போது அறிகிறேன். அடித்தவரிடமே போய்ப் பிழை திருத்தியும் வருகிறானாம்.

இப்படி முழுக்கப் பதிவதற்கு எத்தனை விழாக்காரர் இடம் கொடுக்கிறார்கள்? சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு விழாவில் கூத்துக்கு 20 நிமிடம். மத்தளம் சூடேறவே அவ்வளவு நேரம் போகும். பாதித் தருவில் அறிவிப்பாளர் ஏறி, நேரம் போதாது, மன்னிக்கவும் என்று நிறுத்தினார். முகத்தில் அரிதாரத்தோடு அந்தப் பெரியவர் மேடையிலிருந்து இறங்கி வந்ததை என்னால் மறக்க முடியாது. அடுத்து ஏறிய வெளியூர் இசைக்குழுவுக்கு மூன்று இலட்சம் ரூபாய் கொடுத்ததாகச் சபையில் இருந்த ஒருவரே சொன்னார். இசைக்குழு வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இளம்பிள்ளைகளுக்கு அது வேண்டும். போர்க்காலத்தில் எதையும் அனுபவிக்காத ஊர் இது, ஒரு இரவு ஆடிப் பாடட்டும். நான் கேட்பது அந்த மூன்று இலட்சத்துக்குப் பக்கத்தில் கூத்துக்காரருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதைத்தான். ஒரு பொன்னாடையும் ஒரு சோற்றுப் பார்சலும்.

கூத்தைச் சுருக்குவது குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரவிரவாக ஆடும் கூத்தைச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், பள்ளிக்கூடங்களிலும் கூத்து ஏறியது. ஆனால் அவர் சுருக்கியபோது ஊர்களில் முழுக்கூத்தும் ஆடிக்கொண்டிருந்தது, முழுவதும் தெரிந்த அண்ணாவிமார் இருந்தார்கள். இன்று முழுவதும் தெரிந்தவர்களை நான் கைவிரலில் எண்ணிவிடுவேன். வயற்பாட்டுகளான அரிவுவெட்டுப் பாட்டையும் பன்றிப்பள்ளையும் குருவிப்பள்ளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் அறுவடை இயந்திரம் இறங்கிய பிறகு அரிவாள் பிடித்து வரிசையில் நின்று பாடுவதற்கு யார் இருக்கிறார்கள்? பாடத் தெரிந்த ஆச்சிமார் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருகில் போய் இருந்து கேட்பதற்கு யாராவது வேண்டும்.

அதனால் கோயில் பரிபாலன சபையினரிடமும், கலைமன்றங்களிடமும், பிரதேச செயலகங்களில் பண்பாட்டு விழா ஒழுங்கு செய்யும் உத்தியோகத்தர்களிடமும் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். பந்தலுக்கு, ஒலிக்கு, ஒளிக்கு, சாப்பாட்டுக்கு என்று கணக்கு எழுதும் அதே தாளில் பதிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஓர் இரவுக் கூத்தை மூன்று கமராவோடு பதிந்து, திருத்தி, பிரதி எடுத்துக் கொடுக்க அந்தப் பிள்ளைகள் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். வாகனச் செலவும் அதற்குள். நான் சொன்ன அதே விழாவில் வாணவேடிக்கைக்கு அதைவிட இரண்டு மடங்கு போனது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்து திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் எங்கள் உறவுகளிடமும் இதைச் சொல்கிறேன். கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கொடுங்கள், நல்லது. கொடுக்கும்போது இதில் இவ்வளவு கூத்துக்காரரின் கூலி, இவ்வளவு பதிவு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்குச் சபையில் மதிப்பு உண்டு.

பதிவு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பக்கத்துக் கூத்தொன்றைப் பதிந்துகொண்டு போனார். ஆடியவர்கள் மாதக்கணக்கில் பிரதி கேட்டுக் களைத்துப்போனார்கள். பிறகு எவரோ ஒருவரின் தொலைபேசியில் அது ஓடுவதைக் கண்டார்கள், கீழே பதிந்தவரின் பெயர் மட்டும். இந்தக் கலையகத்தில் அந்தக் கதை இல்லை. பதிவதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டுகிறார்கள். பதிந்தபின் ஆடியவர், அடித்தவர், பிற்பாட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பென்டிரைவ். வெளியிடுவதும் விடுவதும் பாடியவரின் விருப்பம். வேலப்பணிக்கன் ஒப்பாரி தெரிந்த ஓர் ஆச்சியிடம் போனபோது, சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று அவர் மறுத்தார். வயற்கொட்டிலுக்குக் கூட்டிப்போய் அங்கே வைத்துப் பதிந்தார்கள். "நான் இருக்குமட்டும் இதை வெளியில் விடாதீர்கள்" என்றார் ஆச்சி. அது இன்றுவரை வெளியில் வரவில்லை. நான் கேட்டும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. அந்தப் பிள்ளைகளின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது.

பதிவுகளின் ஒரு பிரதி கிளிநொச்சியிலும் இன்னொன்று வவுனியாவில் உறவினர் வீட்டிலும் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இடத்தில் சாம்பலாயின. என் தகரப்பெட்டியும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மூன்றாவது பிரதி அந்தந்த ஊரின் பொது நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புகிறார்கள். வாங்கி வைக்க ஓர் அலுமாரித் தட்டும் பொறுப்பெடுக்க ஓர் ஆளும் போதும். 2005 முதல் எங்கள் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிப் பாதுகாத்துவரும் நூலக நிறுவனத்தின் முயற்சியோடும் ஊர்ச் சபைகள் தொடர்புகொள்ளலாம். சபையின் ஒப்புதலோடு போனால்தான் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கும்.

அந்த மூன்று பேரில் ஒருவரை வெளிநாடு போகச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். கமரா வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. இதை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. கீழே தையற்கடைக்காரர் சொன்னார். ஆகவேதான் அவசரமாக எழுதுகிறேன். இடைஞ்சல் செய்பவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றால் சபைகள் எழுதி ஒட்டட்டும்: ட்ரோன் வேண்டாம், தீபாராதனையில் குறுக்கே நிற்க வேண்டாம், கமராவுக்கு இடம் இது. அந்தப் பிள்ளைகள் அதற்கு முதலில் கட்டுப்படுவார்கள். ஆனால் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து வீதிக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள்.

வைகாசிப் பொங்கலுக்குப் பாக்குத்தெண்டல் சடங்கு நடப்பதற்கு முன்பே எங்கள் பக்கத்து மன்றங்கள் கூடிக் கணக்கு எழுதும். அந்தக் கூட்டங்களுக்கு நானும் போகிறேன். கூத்துப் பதிவுக்கான வரியைக் கையோடு எழுதிக்கொண்டுதான் போவேன்.

கடைசியாக வாசகர்களிடம் ஓர் உதவி. என் பெட்டியில் இருந்த 43 கசெற்றுகளில் 11தான் இதுவரை பேசியிருக்கின்றன. மிச்சத்தில் சிலவற்றின் நாடா நன்றாக இருக்கிறது, மாற்றிப் போடக் கூடு இல்லை. உங்கள் வீட்டில் கேட்காமல் கிடக்கும் பழைய கசெற்றுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முதலில் அவற்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் குரலோ ஆச்சியின் குரலோ இருக்கக்கூடும். ஒன்றும் இல்லையென்றால் கூட்டை எங்களுக்குக் கொடுங்கள். ஒட்டிய கூடு உதவாது, ஐந்து திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். முள்ளியவளையில் பழைய ஒலிபெருக்கிக்காரர் வீடு எது என்று கேட்டால் எவரும் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவன்,
முள்ளியவளை.